வரலாறு நடத்துகிறவருக்குக் கற்பனை எதற்கு?

சென்ற ஆண்டு ஒத்தக்கடைப் பக்கம் ஒரு பள்ளிக்குப் போயிருந்தேன். பி.எட். படிக்கும் மாணவி ஒருவரின் கற்பித்தல் பயிற்சியைப் பார்த்து மதிப்பெண் போடும் வேலை. ஏழாம் வகுப்பு, பாண்டியர் பாடம். பாடக்குறிப்பில் ஒரு பிழை இல்லை. மன்னர்களின் பெயர்களை சார்ட்டில் வரிசையாக எழுதி ஒட்டியிருந்தார். குரல் கடைசி பெஞ்சு வரை கேட்டது. பாடம் முக்கால்வாசி போனபோது ஒரு சிறுமி எழுந்தாள்.

"டீச்சர், யானைமலை நெசமாவே யானையா இருந்துச்சாமே? மதுரையை மிதிக்க வந்துச்சாம். சாமி அம்பு விட்டுக் கல்லாக்கிட்டாராம். எங்க அப்பத்தா சொன்னாங்க."

ஜன்னலுக்கு வெளியே அந்த மலை படுத்துக் கிடந்தது. பயிற்சி ஆசிரியை ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு, "அதெல்லாம் கதைம்மா, பாடத்துல இல்ல, உட்காரு" என்றார். சிறுமி உட்கார்ந்துவிட்டாள்.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருபது வருடத்துக்கு மேல் வரலாறு நடத்தியவன் நான். முதல் சில ஆண்டுகள் நானும் இப்படித்தான் பல பிள்ளைகளை உட்கார வைத்திருக்கிறேன். ஆனால் ஒரு வரலாற்று ஆசிரியரின் தொழில்திறமை உரசிப் பார்க்கப்படுவது இந்த மாதிரி இடத்தில்தான் என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன். சார்ட்டும் குரலும் எந்தப் பாடத்துக்கும் வேண்டும். அந்தச் சிறுமியின் கேள்வியை எடுத்துக்கொண்டு மேலே போக வரலாறு தெரிந்த ஆளால்தான் முடியும். அதற்கு இரண்டு சரக்கு தேவை: ஆதாரத்தை எடைபோடும் சிந்தனை, ஆதாரம் காட்டும் உலகத்தை மனத்தில் எழுப்பிப் பார்க்கும் கற்பனை.

யானைமலையின் அடிவாரத்தில் நரசிங்கம் என்று ஒரு ஊர். அங்கே பாறையைக் குடைந்து செய்த நரசிம்மர் கோயில் இருக்கிறது. கோயிலில் வடமொழியிலும் தமிழிலும் கல்வெட்டுகள், தமிழ்க் கல்வெட்டு வட்டெழுத்து என்ற பழைய எழுத்தில். கலியுக ஆண்டு 3871 என்று கணக்கு இருக்கிறது, அதாவது கி.பி. 770. பராந்தக நெடுஞ்சடையன் என்ற பாண்டிய மன்னனின் அமைச்சர் மாறன் காரி அந்தக் கோயிலைக் குடைவித்தார். நீர் தெளித்துப் புனிதப்படுத்துவதற்குள் இறந்துவிட்டார். அவருக்குப் பிறகு அதே பதவிக்கு வந்த தம்பி மாறன் எயினன் முகமண்டபம் கட்டி, நீர் தெளித்து, அண்ணன் தொடங்கியதை முடித்தார். இவ்வளவும் கல்லில் இருக்கிறது.

யானை கல்லான கதையிலோ, சோமசுந்தரர் எய்த அம்புக்குப் பெயர் நரசிங்கக் கணை. கதையை எழுதி வைத்த திருவிளையாடல் நூல்கள், கோயில் வெட்டப்பட்டுப் பல நூறு ஆண்டுகள் கழித்து வந்தவை. இப்போது அந்தச் சிறுமியிடம் திருப்பிக் கேட்கலாம்: "உன் அப்பத்தா சொன்ன கதையில் அம்புக்குப் பெயர் நரசிங்கம். மலைக்குக் கீழே கோயிலும் ஊரும் நரசிங்கம். எது முதலில் வந்திருக்கும்? மலை யானை மாதிரி இருப்பதால் கதை பிறந்திருக்குமா? கோயில் இருந்ததால் அம்புக்கு அந்தப் பெயர் வந்திருக்குமா?" ஐந்து நிமிடம் போதும். அப்பத்தாவை அவமதிக்க வேண்டியதில்லை. கதையை வரலாறு என்று ஒப்புக்கொள்ள வேண்டியதும் இல்லை. கதைக்கும் ஒரு வயது உண்டு, அதைக் கண்டுபிடிக்க முயற்சி செய்யலாம் என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் புரிந்துவிடும்.

இதற்குக் கல்வெட்டுச் செய்தி தெரிந்திருந்தால் மட்டும் போதுமா? போதாது. கல்வெட்டியல் படித்த அறிஞருக்கு மேலே சொன்னது எல்லாம் தெரியும், ஆனாலும் அந்தச் சிறுமி மனத்தில் என்ன ஓடுகிறது என்று அவருக்குத் தெரிய வேண்டிய கட்டாயம் இல்லை. லீ ஷுல்மன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1986-இல் எழுதிய ஒரு கட்டுரையில் இந்த வேறுபாட்டைப் பெயர் வைத்துப் பேசினார். பாடப்பொருள் தெரிவது ஒன்று, பொதுவாகக் கற்பிக்கத் தெரிவது இன்னொன்று. இந்தப் பாடத்தை இந்தப் பிள்ளைக்கு எந்த உதாரணத்தால், எந்தக் கேள்வியால் திறந்துவிடலாம், எந்த இடத்தில் பிள்ளை தவறாகப் புரிந்துகொள்ளும் என்று தெரிவது மூன்றாவது. ஆசிரியருக்கே உரிய அறிவு அந்த மூன்றாவதுதான் என்றார். பி.எட். வகுப்புகளில் இது ஒரு வரையறையாகப் படிக்கப்பட்டு, ஐந்து மதிப்பெண் விடையாக எழுதப்பட்டு, மறக்கப்படுகிறது. வரலாற்றுக்கு இதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: வரலாற்று ஆசிரியர் இரண்டு அந்நியர்களை ஒரே நேரத்தில் மனக்கண்ணில் பார்க்க வேண்டியவர். ஒருவர் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன மாறன் காரி. இன்னொருவர் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை. இருவர் மனத்துக்குள்ளும் நாம் இல்லை. இருவரையும் ஊகித்துத்தான் ஆக வேண்டும், ஊகம் தப்பா என்று சரிபார்க்கவும் வேண்டும்.

சிந்தனைத் திறன் என்று சொன்னவுடன் பலருக்கும் கல்வியாளர் ப்ளூம் வகுத்த அடுக்குகள்தான் நினைவுக்கு வரும். நினைவுகூர்தல் கீழே, மதிப்பிடுதல் மேலே என்று முக்கோணம் வரைந்து முடித்துவிடுகிறோம். அது எல்லாப் பாடத்துக்கும் பொது. வரலாற்றுக்கென்றே ஒரு சிந்தனைப் பழக்கம் இருக்கிறது என்று காட்டியது வேறொரு ஆய்வு. சாம் வைன்பர்க் என்பவர் 1991-இல் வெளியிட்டது. வரலாற்று அறிஞர்கள் எட்டுப் பேர், நன்றாகப் படிக்கும் பள்ளி மேல்வகுப்பு மாணவர்கள் எட்டுப் பேர். அமெரிக்கச் சுதந்திரப் போரின் தொடக்கமான லெக்சிங்டன் மோதல் பற்றிய ஆவணங்களை இவர்கள் கையில் கொடுத்து, படிக்கும்போது மனத்தில் தோன்றுவதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். அறிஞர்களில் சிலர் அமெரிக்க வரலாறு படித்தவர்களே இல்லை. பாடநூல் கேள்விகளில் மாணவர்களில் சிலர் அவர்களை விட அதிகமாகச் சரியான விடை சொன்னார்கள். ஆனால் ஆவணம் கைக்கு வந்ததும் அறிஞர்களின் கண் முதலில் போனது, இதை யார் எழுதியது, எப்போது, எதற்காக என்ற இடத்துக்கு. மாணவர்கள் முதல் வரியில் தொடங்கிக் கடைசி வரியில் முடித்தார்கள். ஒரு ஆவணம் சொல்வது இன்னொன்றோடு மோதும்போது அறிஞர்கள் நின்றார்கள், மாணவர்கள் கடந்து போனார்கள்.

நம் ஊரில் இதைச் சோதித்துப் பார்க்க லெக்சிங்டன் வேண்டியதில்லை, கீழக்குயில்குடி சமணர் மலை போதும். திருஞானசம்பந்தர் காலத்தில் மதுரையில் எண்ணாயிரம் சமணர்கள் கழுவேறினார்கள் என்ற கதையை எல்லாரும் கேட்டிருக்கிறோம். சாமநத்தம்தான் அந்த இடம் என்று சொல்லும் வழக்கமும் உண்டு. சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டு. கதையை விரிவாகச் சொல்லும் பெரியபுராணம் பன்னிரண்டாம் நூற்றாண்டு. சமணர் மலையில் செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் பாறையில் வரிசையாக இருக்கும் சமணச் சிற்பங்களோ ஒன்பது, பத்தாம் நூற்றாண்டு. அவற்றுக்குக் கீழே யார் செய்வித்தது என்று வட்டெழுத்தில் எழுதியிருக்கிறது. குறண்டித் திருக்காட்டாம்பள்ளி என்ற சமணப் பள்ளியைச் சேர்ந்தவர்களின் பெயர்கள் வருகின்றன.

பிள்ளைகளை அங்கே கூட்டிப் போய், இந்த மூன்று காலத்தையும் ஒரு கோட்டில் குறிக்கச் சொன்னால் போதும். "சார், அப்ப அதுக்கப்புறமும் இங்க சமணர் இருந்திருக்காங்களே!" என்று அவர்களே சொல்வார்கள். என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அந்த இடத்தில் ஆசிரியர் இன்னும் ஒரு அடி கவனமாக இருக்க வேண்டும். பிற்காலத்தில் சமணர் இருந்தார்கள் என்பதாலேயே முன்பு அவர்களுக்குத் துன்பம் நேரவில்லை என்று ஆகிவிடாது. மதுரையில் சமணமே அழிந்துபோனது என்ற எண்ணம் மட்டும் நிற்காது. எது உடைகிறது, எது உடையவில்லை என்று பிரித்துச் சொல்லத் தெரிவது தனித் திறமை. சமயம் கலந்த விஷயத்தில் அது மிக மிகத் தேவை. வீட்டுக்குப் போய்ப் பிள்ளை என்ன சொல்லும் என்பதையும் ஆசிரியர் முன்கூட்டியே நினைத்துப் பார்க்க வேண்டும்.

இனி கற்பனை. இந்தச் சொல்லைக் கேட்டாலே எங்கள் துறையில் பலர் முகம் சுளிப்பார்கள். வரலாறு உண்மை, கற்பனை பொய் என்று பழகிவிட்டது. காலிங்வுட் என்ற ஆங்கில அறிஞர் தத்துவம் கற்பித்தவர், ரோமானியர் கால இடங்களை அகழ்ந்தும் பார்த்தவர். நாவல் எழுதுகிறவரும் வரலாறு எழுதுகிறவரும் இருவருமே மனத்தில் ஒரு சித்திரத்தைக் கட்டுகிறார்கள் என்று அவர் சொன்னார். வரலாறு எழுதுகிறவருக்கு மட்டும் மூன்று கட்டுப்பாடு வைத்தார். சித்திரம் குறிப்பிட்ட இடத்திலும் காலத்திலும் நிற்க வேண்டும். தெரிந்த மற்ற வரலாற்றோடு அது முரண்படக் கூடாது. ஆதாரத்தோடு கட்டுண்டு இருக்க வேண்டும். கன்றை முளையில் கட்டுகிற மாதிரிதான். கயிற்றின் நீளத்துக்கு மேயலாம், முளையைப் பிடுங்கிக்கொண்டு ஓடக் கூடாது.

மாறன் காரியின் தம்பி முகமண்டபம் கட்டினார் என்பது முளை. அண்ணன் இறந்த துக்கத்தில் கட்டினாரா, பதவிக்கு வந்த பெருமையைக் காட்டக் கட்டினாரா, குறையாகக் கிடந்த கோயிலைப் பார்த்து ஊர் பேசியதால் கட்டினாரா? இது கயிறு. "தெரியாது, ஆனால் இப்படி இருந்திருக்கலாம், ஏனென்றால்..." என்று சொல்லப் பழகிய ஆசிரியர் பிள்ளைகளுக்குக் கற்பனையையும் கொடுக்கிறார், அதன் எல்லையையும் காட்டுகிறார். 'இருந்திருக்கலாம்' என்ற சொல்லும் அதன் பின்னால் வரும் 'ஏனென்றால்' என்ற சொல்லும் பிரியாமல் இருக்கிற வகுப்பு நல்ல வரலாற்று வகுப்பு. 'ஏனென்றால்' விழுந்துபோனால் மேடைப் பேச்சு. 'இருந்திருக்கலாம்' விழுந்துபோனால் ஒரு மதிப்பெண் வினாத்தாள்.

காலத்தைப் பற்றிய கற்பனை தனி. கீழடிக்குச் சொல்லும் கி.மு. 580-ஐக் கரும்பலகையில் எழுதினால் பிள்ளைக்கு அது ஓர் எண். பெரியவர்களுக்கே அப்படித்தான். நான் ஒரு வழி வைத்திருந்தேன். பிள்ளைகளை மைதானத்தில் வரிசையாக நிற்க வைப்பேன். ஒரு பிள்ளை ஒரு தலைமுறை, 25 ஆண்டு. சுதந்திரம் வாங்கியது மூன்றாவது பிள்ளையைத் தாண்டினவுடன். திருமலை நாயக்கர் பதினாறு பிள்ளைகளுக்குப் பின்னால். நாற்பது பிள்ளைகள் நின்றால் ஆயிரம் ஆண்டு. யானைமலைக் கோயிலுக்கு ஐம்பது பேர் வேண்டும், அடுத்த செக்‌ஷனையும் கூப்பிடுவோம். கீழடியின் 580-க்கு நூற்று நாலு பேர். அங்கே நிற்கிற பிள்ளை கையைத் தூக்கினால் இந்தப் பக்கத்தில் இருக்கிறவனுக்குச் சரியாகத் தெரியாது. அப்போதுதான் ஒன்று புலப்படும். நமக்கும் மாறன் காரிக்கும் உள்ள தூரத்தை விட, மாறன் காரிக்கும் கீழடிக்காரருக்கும் உள்ள தூரம் அதிகம். 'பழைய காலம்' என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருந்தது அங்கே அவிழ்ந்துவிடும்.

கீழடி மதுரையிலிருந்து தென்கிழக்கே பன்னிரண்டு கிலோமீட்டர்தான், சிவகங்கை மாவட்டம். அருங்காட்சியகம் 2023-இல் திறந்தபிறகு எல்லாப் பள்ளியும் ஒரு நடை கூட்டிப் போகிறது. பெரும்பாலும் வரிசையில் போய், செல்ஃபி எடுத்து, திரும்பி வருகிற நடையாக முடிந்துவிடுகிறது. அங்கே கிடைத்த வட்டமான சுடுமண் சில்லுகள் முன்னால் நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "இது விளையாட்டுச் சில்லு என்று எப்படித் தெரியும்?" நம் பிள்ளைகள் பாண்டி விளையாடுகிறவர்கள். உடைந்த ஓட்டைத் தேய்த்துச் சில்லு செய்யத் தெரியும். அதனால் பார்த்தவுடன் விளையாட்டு என்று தோன்றும். அந்தத் தோன்றலில் தப்பே இல்லை, கற்பனை அங்கேதான் தொடங்குகிறது. பிறகு, வேறு எதற்குப் பயன்பட்டிருக்கலாம், விளையாட்டு என்று உறுதியாக எண்ண இன்னும் என்ன கிடைக்க வேண்டும் என்று கேட்க வேண்டும்.

கி.மு. 580 என்ற காலமும் அப்படித்தான். 2018 அகழாய்வில் எடுத்த கரித்துண்டுகள் அமெரிக்காவில் ஃபுளோரிடாவிலுள்ள ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டன. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரிக்கு அந்தக் காலம் வந்தது. வயது கணக்கிடப்பட்டது கரிக்கு. பானை ஓட்டில் 'ஆதன்' என்று கீறியிருக்கும் எழுத்துக்கு வயது, அது எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பதை வைத்துத்தான் வருகிறது. இந்த ஒரு படியை விளக்கத் தெரிந்த ஆசிரியரின் வகுப்பில் படித்த பிள்ளை, நாளைக்குக் கீழடியின் காலம் பற்றி யார் எந்தப் பக்கம் நின்று உரக்கப் பேசினாலும், "எந்த மாதிரி, எந்த அடுக்கு?" என்று கேட்கும். கீழடி மீது உண்மையான அன்பு இருக்கிறவர்கள் இதைத்தான் கற்றுத் தர வேண்டும் என்பது என் அபிப்பிராயம். பெருமிதம் மட்டும் கொடுத்து அனுப்பினால் முதல் எதிர்க்கேள்வியிலேயே பிள்ளை வாயடைத்துப் போகும்.

எனக்கு மிகவும் கஷ்டமான பாடம் எது என்று கேட்டால் பெருங்காமநல்லூர் என்பேன். உசிலம்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகள் என் வகுப்பில் எப்போதும் இருந்தார்கள். 1920 ஏப்ரல் 3. குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் கைரேகை பதிய மறுத்த பிரமலைக் கள்ளர் மக்கள் மீது போலீஸ் சுட்டது. பதினாறு பேர் இறந்தார்கள். காயம்பட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுத்த மாயக்காளும் அதில் ஒருவர். பாடநூலில் சில வரிகளில் கடந்துவிடக்கூடிய செய்தி. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கோ அது கொள்ளுத்தாத்தாவின் ஊர்.

இங்கே கற்பனை இரண்டு விதமாகத் தவறிப் போகும். ஒன்று, "அய்யோ பாவம்" என்று அழ வைத்துவிட்டுப் போவது. இன்னொன்று, சாதிப் பெருமையாகக் கொதிக்க வைப்பது. இரண்டிலும் பிள்ளை எதையும் புரிந்துகொள்வதில்லை. நான் அந்தச் சட்டத்திலிருந்தே தொடங்குவேன். பதிவு செய்யப்பட்ட ஆண், இரவில் ஊரை விட்டு வெளியே போக வேண்டுமென்றால் ராத்திரிச் சீட்டு வாங்க வேண்டும். சரி, உங்கள் வீட்டில் அப்பாவுக்கு இந்தச் சட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். களத்தில் நெல் கிடக்கிறது, இரவுக் காவலுக்குப் போக வேண்டும். யாரிடம் கேட்பார்? அவர் இல்லையென்று சொன்னால்? அக்காவுக்குப் பக்கத்து ஊரில் பிரசவ வலி, நடுராத்திரி. பிள்ளைகள் இதற்கு விடை யோசிக்கும்போது வகுப்பில் சத்தமே இருக்காது. ஒரு குற்றமும் செய்யாதவனைப் பிறப்பை வைத்துக் குற்றவாளி என்று எழுதுவது என்றால் என்ன என்பது, அந்த அமைதியில்தான் அவர்களுக்குப் பிடிபட்டது.

அதன் பிறகுதான் ஆவணங்களைப் பற்றிப் பேசுவேன். போலீஸ் எழுதிய பதிவு துப்பாக்கிக்குப் பின்னால் நின்றவர் எழுதியது. ஊர் நினைவு துப்பாக்கிக்கு முன்னால் நின்றவரின் பிள்ளைகள் சொல்வது. இரண்டையும் எந்தெந்த விஷயத்துக்கு நம்பலாம்? தேதிக்கு எது, பயத்துக்கு எது? சுட்ட போலீஸ்காரர் மனத்தில் என்ன நினைத்து அங்கே வந்தார் என்றும் கேட்பேன். அதைக் கேட்பது கஷ்டம். சில பிள்ளைகள் முறைப்பார்கள். கொடுமை செய்தவரின் தலைக்குள்ளும் நுழைந்து பார்க்காமல் அந்தக் கொடுமை எப்படி நடந்தது என்று புரியாது. புரிந்துகொள்வது மன்னிப்பது ஆகாது என்பதை ஆசிரியர் வாயால் தெளிவாகச் சொல்லியாக வேண்டும்.

இத்தனையும் சொன்ன பிறகு, பள்ளிக்கூடம் எப்படி இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்பு வரை வரலாறு தனிப் பாடம் கிடையாது. புவியியல், குடிமையியல், பொருளியலோடு சேர்ந்த சமூக அறிவியல். புவியியல் படித்தவர் பாண்டியரை நடத்துகிறார், வரலாறு படித்தவர் பருவக்காற்றை நடத்துகிறார். ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் 150 வினா, சமூக அறிவியலுக்கு 60, எல்லாம் நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. தகவல் தெரிகிறதா என்று அது பார்க்கும். அதுவும் தேவைதான், 770 என்ற ஆண்டு தெரியாதவரால் யானைமலையை வைத்து எதையும் கற்பனை செய்ய முடியாது. ஆனால் ஒரு பிள்ளை அப்பத்தா கதையோடு எழுந்து நிற்கும்போது என்ன செய்வார் என்பதை அந்த 150 கேள்வியில் ஒன்றுகூடப் பார்க்காது. வேலைக்கு வந்த பிறகோ போர்ஷன் முடிக்கணும், புக் பேக் கேள்வி முடிக்கணும், ஸ்லிப் டெஸ்ட் வைக்கணும், மெல்லக் கற்கும் பிள்ளைகளைத் தேற வைக்கணும். நாற்பது நிமிடப் பிரிவேளையில் ஆசிரியர் கற்பனைக்கு எங்கே போவார் என்று கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானது.

என் பதில் சின்னது. எல்லாப் பாடத்திலும் இதைச் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம். பருவத்துக்கு இரண்டு இடம் போதும். சுற்றிலும் பார்த்தால் மதுரை ஆசிரியருக்கு இடத்துக்குப் பஞ்சமே இல்லை. மாங்குளம் மலையில் நெடுஞ்செழியன் பெயரோடு தமிழி என்ற மிகப் பழைய தமிழ் எழுத்தில் கல்வெட்டு இருக்கிறது. வெளி வீதிகளில் நடந்தால், ஆங்கிலேயர் காலத்தில் கலெக்டர் பிளாக்பர்ன் இடிக்க வைத்த கோட்டைச் சுவரும் தூர்த்த அகழியும் காலுக்குக் கீழே. அந்த வேலையில் இருந்த மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும் இன்றைக்கும் தெருப் பெயராக நிற்கிறார்கள். ஒரு மேஸ்திரிக்கு எப்படித் தெருப்பெயர் கிடைத்தது என்ற கேள்வியே ஒரு பிரிவேளைக்குத் தாங்கும்.

பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பாகி பத்து வருடமாகிறது. அந்தக் கூடுதல் ஆண்டில் ஒரு மாதமாவது மாணவ ஆசிரியர்கள் தாங்களே ஒரு கல்வெட்டையோ, ஒரு தெருவையோ, ஒரு ஊர் நினைவையோ எடுத்து ஆராய்ந்து பார்க்க வேண்டும் என்று நான் போகிற கூட்டங்களில் எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆராய்ந்து பார்க்காதவருக்கு 'தெரியாது' என்று சொல்ல பயம் வரும். பயம் வந்தால் பிள்ளையை உட்காரச் சொல்வார்.

மதிப்பெண் படிவத்தை மாற்ற எனக்கு அதிகாரம் இல்லை. அதனால் படிவத்தின் அடியில் பென்சிலால் ஒரு வரி சேர்த்துக் கொடுக்கிறேன்: 'இன்று பிள்ளைகள் கேட்டதில் உங்களுக்கு விடை தெரியாத கேள்வி எது? அதை எங்கே தேடினீர்கள்?' பலர் காலியாக விட்டுத் திருப்பித் தருகிறார்கள். ஒத்தக்கடைப் பள்ளியில் நடத்திய அந்தப் பெண் மறுவாரம் பிள்ளைகளை நரசிங்கத்துக்கு நடத்திக் கூட்டிப் போனார், நானும் கூடப் போனேன். அந்தச் சிறுமி கல்வெட்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று சாயங்காலம் படிவம் என் கைக்கு வந்தபோது அந்த வரிக்கு எதிரே எழுதியிருந்தது: "அண்ணன் செத்ததையும் தம்பி கட்டினதையும் இங்க எழுதச் சொன்னது யாரு டீச்சர், தம்பியேவா? – நூலகத்தில் கல்வெட்டுத் தொகுதி கேட்டிருக்கிறேன் சார். சனிக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்."